கூடாரத்தில் கண் மூட முடியவில்லை: ஹட்டன் வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் ஹட்டனில் ஆசிரியை. என் கணவரும் அவருடைய தம்பிமாரும் லீவு கிடைத்தால் டென்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போன ஏப்ரல் லீவுக்கு மவுசாகலை நீர்த்தேக்கப் பக்கம் போனோம். பின்னேரம் இடியோடு மழை. ராத்திரி பாய்க்கடியில் தண்ணீர். விடிய விடியக் குளிர், இடுப்பு வலி, சின்னவளின் காலில் அட்டை. நான் ஒரு நிமிடம்கூடக் கண் மூடவில்லை. இந்த ஓகஸ்ட் லீவுக்குப் பதுளைப் பக்கம் நாரங்கலை மலை உச்சியில் தங்கப் போகிறோம் என்கிறார்கள். வரமாட்டேன் என்றால், “லயத்தில் பிறந்து வளர்ந்த அண்ணிக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?” என்று கொழுந்தனார் கேட்கிறார். பிழை என்னிலா? பழகிக்கொள்ள வழி இருக்கிறதா, இல்லை மறுத்துவிடுவதுதான் சரியா?

பதில் (மலையேற்ற வழிகாட்டி):

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களில் பிழை இல்லை. கொழுந்தனாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லயத்துக் காம்பராவில் காற்றைத் தடுக்கச் சுவர் இருக்கிறது, பக்கத்தில் அடுப்பு எரிகிறது, உடம்புக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் கட்டிலோ பலகையோ இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத இடம்தான் கூடாரம். மலைநாட்டில் பிறந்தவர்களுக்குக் குளிர் எப்படிப்பட்டது என்று நன்றாகத் தெரியும். அதற்காக அவர்களுக்குக் குளிராமல் இருந்துவிடுமா?

நீங்கள் எழுதியிருக்கும் கஷ்டங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. தண்ணீர், குளிர், இடுப்பு வலி, அட்டை இந்த நான்கும் இடமும் சாமானும் சரியில்லாததால் வந்தவை. இவற்றைத் திருத்தலாம். நீங்கள் எழுதாத சில விஷயங்களும் இருக்கின்றன: கழிப்பறை, உடை மாற்ற மறைவிடம், சமையல் யார் தலையில் விழுகிறது என்பது. போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது இந்த இரண்டாம் வகையை வைத்துத்தான். முதல் வகையைத் திருத்திய பிறகும் கூடாரம் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் விருப்பம். அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஏப்ரல் மாதம் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் நன்றாக எறிக்கும், இரண்டு மணிக்குமேல் மேகம் கூடும், பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும். மஸ்கெலியா, நோர்வுட், பொகவந்தலாவைப் பக்கம் கூடாரம் அடிக்க நல்ல மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. ஏப்ரலில் அடிப்பதென்றால் பகல் 12 மணிக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். இடி கேட்டால் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. துணியும் கம்பியும் மின்னலைத் தடுக்காது. வாகனத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும்.

பாய்க்கடியில் தண்ணீர் வந்தால் அது எந்த வழியாக வந்தது என்று பார்த்தால்தான் திருத்தலாம். மூலைகளிலும் நடுப்பள்ளத்திலும் குளம்போல் தேங்கியிருந்தால், கீழே விரித்த படங்கு கூடாரத்தின் அடியைவிடப் பெரிதாக இருந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் மழை விழுந்து நேராக உங்கள் அடிக்கு வந்துவிடும். பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை இதுதான். படங்கை நாலு பக்கமும் கூடாரத்தைவிட 5 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கும்படி மடித்துவிட வேண்டும், மடிப்பு கீழ்ப்பக்கமாக. கோடு போட்டதுபோல் ஒரே வரிசையில் சொட்டியிருந்தால் தையல் ஒழுகியிருக்கிறது. தையலின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் டேப் பழசானால் உரியும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சீம் சீலர் பசையைத் தூரிகையால் தடவி ஒருநாள் காயவிட்டால் போதும். உள்சுவர் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தால் அது மழையே இல்லை, உங்கள் மூச்சு. ஓர் ஆள் தூங்கும் ஒரு ராத்திரியில் மூச்சாலும் தோலாலும் கிட்டத்தட்ட கால் லீற்றர் நீரை வெளியே விடுகிறார். நாலு பேர் என்றால் ஒரு லீற்றர். குளிர்கிறதே என்று எல்லா ஸிப்பையும் இறுக்கி மூடினால் அந்த ஒரு லீற்றரும் குளிர்ந்த துணியில் படிந்து திரும்ப உங்கள் போர்வையில்தான் சொட்டும். மேலே இருக்கும் காற்றுத்துளையையும், காற்று அடிக்காத பக்கத்துக் கதவின் மேல் 15 சென்ரிமீற்றரையும் திறந்தே வையுங்கள். உள்கூடாரம், அதன்மேல் மழைக்காகப் போர்த்தும் மேல் ஷீட்டைத் தொடக்கூடாது. தொடும் இடத்தில் ஈரம் உள்ளே வந்துவிடும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும், எறிந்தால் தானாக விரியும் கூடாரங்களில் பல ஒற்றைத் துணியால் ஆனவை. கடற்கரைப் பகலுக்கு அவை சரி, மலைநாட்டு மழைக்கு ஆகாது. வாங்குவதென்றால் மேல் ஷீட் தனியாக இருக்க வேண்டும், அது தரையிலிருந்து ஒரு சாண் வரைக்கும் இறங்கி வர வேண்டும், லேபலில் நீர் தாங்கும் அளவு மேல் ஷீட்டுக்குக் குறைந்தது 1500 மில்லிமீற்றர், அடித்துணிக்கு 3000 என்று போட்டிருக்க வேண்டும். “4 பேருக்கு” என்று எழுதியிருந்தால் ஆளுக்கு 60 சென்ரிமீற்றர்கூட வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமானோடு அதில் நிம்மதியாகப் படுக்க முடிவது இரண்டு பேரும் ஒரு பிள்ளையும்தான். சுற்றிவரக் கான் வெட்ட வேண்டாம். மண் அரிக்கும், தோட்டக் காணியென்றால் நிர்வாகத்தோடும் பிரச்சினை வரும். சற்று மேடான, லேசாகச் சரிந்த இடமாகப் பார்த்து, தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி படுங்கள்.

அடுத்தது குளிர். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் விடியவிடிய நடுங்கியிருப்பீர்கள். குளிர் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது. சூட்டைக் காப்பது போர்வைக்குள் இருக்கும் காற்றுதான். முதுகுக்குக் கீழே இருக்கும் பகுதி உடல் பாரத்தில் நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. ஈர மண் ராத்திரி முழுக்க உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பன்பாய் இதற்குப் போதாது. வீட்டில் விருந்தாளிக்குக் காற்றடித்துப் போடும் மெத்தையும் போதாது, உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்களுக்கு வேண்டியது கண்ணறை மூடிய ஃபோம் (உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகள் தனித்தனியே மூடியிருக்கும் வகை), 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பு. முகாம் பாய் என்று விற்பதும் அதுதான், பிள்ளைகள் விளையாடத் தரையில் பொருத்தும் ஃபோம் துண்டுகளும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். றெஜிபோம் தகடு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். சூட்டை நன்றாகவே காக்கும், ஆனால் உடைந்து மணி மணியாகப் புல்லெல்லாம் பரவிவிடும். தயவுசெய்து மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்லீப்பிங் பேக் லேபலில் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருக்கும், சௌகரிய அளவு ஒன்று, எல்லை அளவு ஒன்று. எல்லை அளவு, சுருண்டு படுத்து எப்படியோ தூங்கிவிடும் ஓர் ஆணை வைத்துக் கணக்கிட்டது. சௌகரிய அளவு பெண்ணை வைத்துக் கணக்கிட்டது. நீங்கள் சௌகரிய அளவை மட்டும் பாருங்கள். உங்கள் கணவருக்குப் போதுமான பை உங்களுக்குப் போதாமல் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 100 மீற்றர் ஏறினால் சுமார் 0.6 பாகை செல்சியஸ் குறையும். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர், நாரங்கலை உச்சி 1500 மீற்றருக்குச் சற்று மேல். ஆகவே நகரத்தைவிட 5 பாகை குறைவாக இருக்கும், காற்று அதற்கு மேல். 10 பாகை சௌகரிய அளவுள்ள பை அங்கே போதும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் தரைப்பனி உறையும் நாட்கள் உண்டு. அங்கே போவதென்றால் 0 பாகைப் பை இல்லாமல் போக வேண்டாம்.

படுக்குமுன் உடுப்பு முழுவதையும் மாற்றுங்கள், உள்ளுடுப்பு, சொக்ஸ் உட்பட. ஏறும்போது வியர்த்த பருத்தி உடுப்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி கம்பளிச் சொக்ஸும் குல்லாவும் பொலித்தீன் பையில் சுற்றித் தனியே வைத்திருங்கள், பகலில் அவற்றைத் தொடக்கூடாது. படுக்க அரை மணிக்குமுன் ஒரு ரொட்டியும் இனிப்பான தேத்தண்ணியும் நல்லது, உடம்புக்கு எரிக்க ஏதாவது வேண்டும். உலோகப் போத்தலில் சுடுநீர் ஊற்றி, மூடி இறுக்கமா என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, சொக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வையுங்கள். விடியற்காலை மூன்று மணி வரை சூடு இருக்கும். சோடாப் போத்தலில் ஊற்ற வேண்டாம், சுருங்கி வெடிப்பு விடும். குளிருக்குச் சாராயம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடாக இருப்பதுபோல் தெரியும், உடம்பின் உட்சூடு அதே வழியாக வெளியே போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரிச்சட்டி, காஸ் அடுப்பு, நுளம்புச் சுருள் எதையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. வீட்டில் குளிருக்குக் கரிச்சட்டி வைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு, வீட்டிலேயே அது ஆபத்து. கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொழுந்தனார்மார் யாராவது “கொஞ்ச நேரம்தானே” என்றால், அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடுப்பு வலிக்குக் காரணம் அநேகமாக நீங்கள் பக்கவாட்டில் படுப்பவராக இருப்பது. மல்லாந்து படுப்பவருக்கு பாரம் பரவிவிடும், ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பும் தோளும் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கும். 12 மில்லிமீற்றர் ஃபோம் குளிரைத் தடுக்கும், இடுப்பைக் காப்பாற்றாது. அதற்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத காற்று மெத்தை வேண்டும், அதற்கு மேலே ஃபோமைப் போடுங்கள். காற்றைக் கல்லுப்போல் அடிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தபடியே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது மூடுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் சுருட்டிய சுவெட்டர் ஒன்றை வையுங்கள். இதைப் பரீட்சிக்க மலைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு ஹோலில் வெறும் சீமெந்துத் தரையில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். அங்கே வலித்தால் நாரங்கலையிலும் வலிக்கும்.

அட்டை விஷயம் சுருக்கமாக. ஈரக்காட்டிலும் நீர்த்தேக்க ஓரப் புற்களிலும் இருக்கும், காய்ந்த பத்தனைப் புல்வெளியில் குறைவு. பிள்ளைகளுக்குக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு, சொக்ஸின் மேல் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம், வயிற்றில் இருப்பதைப் புண்ணுக்குள்ளேயே கக்கும். ஒல்லியான பக்கம்தான் வாய். அதை நகத்தால் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் வடியும். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும், பயப்படத் தேவையில்லை. உண்ணிக்குத்தான் அதிக கவனம் வேண்டும். மத்திய மலைநாட்டில் உண்ணியால் பரவும் காய்ச்சல் உண்டு. திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சலும் தலையிடியும், தோலில் சிவப்புப் புள்ளிகளும் வந்தால், வெளியில் புல்லில் படுத்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும்.

இனி நாரங்கலை. மாதத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டார் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஓகஸ்டில் ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை, ஊவா காய்ந்திருக்கும். இடம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. நம் பக்கத்தில் மழையைக் கொட்டிய அதே காற்று, மலைமுகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்து வேகம் பிடிக்கிறது. அதுதான் கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி வாசம் வருவதற்கும் இந்தக் காற்று ஒரு காரணம். தேயிலைக்கு நல்லது, கூடாரத்துக்கு நல்லதல்ல. மொட்டை உச்சியில் விடியவிடியத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், மலிவான ஃபைபர்கிளாஸ் கம்பிகள் நீளவாக்கில் பிளந்துவிடும். அதற்குள் யாருக்கும் தூக்கம் வராது, கூடாரத்தை விரும்புகிறவர்களுக்கும்தான். உச்சியில் தண்ணீரும் கிடையாது. குடிக்க, சமைக்க, கழுவ என்று ஆளுக்குக் குறைந்தது 4 லீற்றர் வேண்டும். ஆறு பேருக்கு 24 லீற்றர், அதாவது 24 கிலோ, அதை யார் தூக்குவது என்பதை இப்போதே கேளுங்கள். அந்த மாதங்களில் மானாப் புல் பஞ்சுபோல் காய்ந்திருக்கும், ஊவா மலைகளில் புல்வெளித் தீ பரவும் காலம் அது. தீ மூட்டவே கூடாது. தீ மூட்டாத முகாமில் சமையலுக்குச் சின்னக் காஸ் அடுப்பு மட்டும், அதுவும் வெறும் மண்ணில் அல்லது பாறையில்.

அவர்களுக்குக் கூடாரம்தான் வேண்டும் என்றால், முகட்டை விட்டு நன்றாகக் கீழே இறங்கி, காற்று மறையும் பக்கம் அனுமதியோடு அடிக்கட்டும். கூடாரத்தின் பதிவான, ஒடுங்கிய முனை காற்றைப் பார்த்திருக்க வேண்டும், கதவு எதிர்ப்பக்கம். முளைகளின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இழுகயிறுகள் எல்லாவற்றையும் கட்ட வேண்டும், பலர் பையிலேயே விட்டுவிடுவார்கள். ராத்திரி ஈரத்தில் நைலோன் தளரும், படுக்குமுன் ஒருமுறை இழுத்து இறுக்கினால் படபடப்புப் பாதியாகக் குறையும். யூக்கலிப்டஸ் மரத்தடி வேண்டாம், காற்றில் கிளை முறிந்து விழும். எந்த மரமாக இருந்தாலும் அண்ணாந்து பார்த்துக் குளவிக்கூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்குப் படும் பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகை பட்டால் கிளம்பிவிடும்.

இப்போது திருத்த முடியாதவை. கழிப்பறை இல்லாத மலையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, நீரோடையிலிருந்து 60 மீற்றராவது தள்ளி இருந்து, மூடிவிட்டு வர வேண்டும். மாதவிடாய் நாட்களில் எல்லாக் கழிவையும் பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ராத்திரி ஒருமுறை எழும்ப வேண்டியிருந்தால் டோர்ச்சோடு இருட்டில் போக வேண்டும், தோட்டப் பக்கங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு, தனியாகப் போகக் கூடாது. இதையெல்லாம் சில பெண்கள் பொருட்படுத்துவதில்லை, சிலருக்கு முடியவே முடியாது. போதிய தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பவர்கள் நிறையப் பேர், அதனால் தலையிடியும் சிறுநீர்க் கடுப்பும் வரும். நீங்கள் அந்த வகை என்றால் அதுவே மறுக்கப் போதுமான காரணம்.

சமையலும் அப்படித்தான். ஆண்களுக்கு லீவு, உங்களுக்கு மட்டும் சிங்கும் அலமாரியும் இல்லாத குசினி என்றால் அது லீவே இல்லை. போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: தண்ணீர் சுமப்பது யார், ராத்திரிச் சமையல் யார், விடியற்காலைத் தேத்தண்ணி யார், பாத்திரம் யார், பிள்ளைகளை ராத்திரி வெளியே கூட்டிப்போவது யார். உங்கள் பெயர் ஒரு இடத்துக்கு மேல் வரக்கூடாது. இந்தத் தாளைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்தால், போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

என் ஆலோசனை இதுதான். இந்த ஓகஸ்டில் நீங்கள் நாரங்கலையில் படுக்க வேண்டாம். கணவரும் தம்பிமாரும், விருப்பமானால் பெரிய பிள்ளைகளும், கூடாரத்தில் தங்கட்டும். நீங்களும் சின்னவளும் பதுளையிலோ பண்டாரவளையிலோ ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் வெளிச்சம் வந்த பிறகு அடிவாரத்தில் அவர்களோடு சேர்ந்து ஏறுங்கள். மலை, காற்று, பிள்ளைகளோடு நடக்கும் சந்தோஷம் எதையும் இழக்க மாட்டீர்கள். கணவரிடம் “எனக்குப் பிடிக்கவில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் சமாதானப்படுத்தத் தொடங்குவார். “ராத்திரி அறையில், பகலில் உங்களோடு” என்று ஏற்பாட்டையே சொல்லுங்கள், பேச்சு சுருக்கமாக முடியும். கூடாரத்தையே இன்னொருமுறை பார்க்க மனமிருந்தால், கழிப்பறையும் கட்டிலும் உள்ள முகாமாகத் தேடி, பெப்ரவரியில் ஒரு வெள்ளி இரவு மட்டும் போய்ப் பாருங்கள். மனமில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம்.

ஓகஸ்ட் லீவில் பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்ப் பக்கம் அறைகள் சீக்கிரமே நிறைந்துவிடும். ஜூன் மாதத்திலேயே பதிவு செய்யுங்கள். சுடுநீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், மேலே படுத்துவிட்டு இறங்கி வருகிறவர்கள் குளிக்கத்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள்.